அப்பாவின் இருபதாவது மாறுதல் மனு

மருத்துவ மேற்படிப்பில் சேர என்னென்ன வேண்டும் என்று கல்லூரி அச்சடித்துக் கொடுத்த கையேட்டில் இரண்டு பக்கம் இருந்தது. அடிப்படை மருத்துவப் பட்டம். ஓராண்டு பயிற்சி முடித்த சான்று. கவுன்சிலில் பதிவு செய்த சான்று. நுழைவுத் தேர்வு மதிப்பெண். நன்னடத்தைச் சான்று. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டதற்கு அத்தாட்சி. நடுவில் ஓடிப்போக மாட்டேன் என்று உறுதிமொழி. பன்னிரண்டு புகைப்படம். பன்னிரண்டு எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நான் அதே கல்லூரியில் ஆறு வருடம் இருந்தவன். வாசல் காவலாளி முதல் கேன்டீன் பூனை வரை என் முகம் தெரியும். ஆனாலும் பன்னிரண்டு.

என்னென்ன படிக்கலாம் என்பது அடுத்த பக்கம். இருபத்து மூன்று பட்டங்கள். அந்தப் பக்கம் சும்மா அழகுக்கு. முதல் ரேங்க் வாங்கியவனுக்குத்தான் அது இருபத்து மூன்று; வரிசையில் பின்னால் போகப் போகக் குறையும். முதல் நூறு பேர் ஸ்கேன் படம் பார்க்கும் படிப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் நோயாளியின் உள்ளே எல்லாவற்றையும் பார்க்கலாம், முகத்தை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. பிறகு தோல், குழந்தை, எலும்பு, கண் என்று ஒவ்வொன்றாகக் காலியானது. என் ரேங்க் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. என் முறை வந்தபோது திரையில் பச்சை நிறத்தில் மூன்றுதான் மிச்சம். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பட்டத்துக்கு ஒரு நிமிடம்.

"உடற்கூறியல், உள்ளூர்" என்று ஒரு வரி இருந்தது. அதில் நான் முதலில் படித்தது இரண்டாவது சொல்லைத்தான். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். அழுத்திவிட்டேன்.

பெரியப்பா போன் செய்தார்.

"என்ன டாக்டர்டா ஆகப் போற?"

"அனாடமி, பெரியப்பா."

"அது எந்த இடத்துல வர்ற வியாதி?"

"எல்லா இடத்துலயும்."

"அப்ப பரவாயில்ல. நல்லாக் கூட்டம் வரும்."

இரண்டு நாள் கழித்துப் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான், அப்பாவும் அதே துறையில்தான் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது.

அப்பா மார்ச் ஒன்பதாம் தேதி இறந்தார். உடலை இந்தக் கல்லூரிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். நான்தான் உடன் வந்து ஒப்படைத்தேன். ரசீது போல ஒரு நன்றிக் கடிதம் கொடுத்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டாயா என்று கேட்டால், மறக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, ஐந்து மாதமாக எனக்கு அப்படித்தான் இருந்தது. எல்லாம் தெரியும். எதுவும் படவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுப் பன்னிரண்டு புகைப்படம் எடுக்கப் போனேன்.

சேர்க்கை முடியும் நாளும் அன்றுதான். பக்கத்து மாவட்டக் கல்லூரிகளுக்கும் சேர்த்து இங்கே ஒரே ஜன்னல்தான்; மாலை நான்கு மணிக்குச் சாத்திவிடுவார்கள். சேராதவன் இடம் போய்விடும். போவதோடு இல்லாமல், ஒதுக்கிய இடத்தை வீணாக்கினான் என்று இரண்டு வருடம் தேர்வே எழுத விட மாட்டார்கள். காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு அக்கா, மார்போடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அணைத்துக்கொண்டு வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க என்ன சப்ஜெக்ட்?"

"அனாடமி."

அவர் முகம் ஒரு படி பிரகாசமானது. "இங்கேயா? எனக்கும் அனாடமிதான். ஆனா மலைப் பக்கத்துக் காலேஜ்ல கிடைச்சிருக்கு. பஸ்ல நாலு மணி நேரம். ரெட்டைப் புள்ளைங்க தம்பி, ரெண்டு வயசு. நீங்க மியூச்சுவல் தருவீங்களா?"

ஒரே பாடத்தில் இரண்டு ஊரில் இடம் கிடைத்த இருவர் சம்மதித்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் மியூச்சுவல். மூன்று நாளாக அவர் இதையே கேட்டுக்கொண்டிருந்ததால் வரிசையில் எல்லோரும் அவரை மியூச்சுவல் அக்கா என்றே அழைத்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். ஃபைலில் மனுவை இரண்டு பக்கமும் நிரப்பி வைத்திருந்தார். மாற்றிக்கொள்பவர் பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

"எனக்கு வீடு இங்கதான்க்கா. அம்மா தனியா இருக்காங்க."

"சரி தம்பி." இந்த 'சரி'யை அவர் அன்று நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பார். அதில் கோபமே இல்லை. கோபப்படக்கூடத் தெம்பு மிச்சம் வேண்டும்.

விண்ணப்பத்தின் பதினான்காவது கேள்வி இது: "சேரவுள்ள துறையுடன் தங்கள் இரத்த உறவினர் எவரேனும் தொடர்பில் உள்ளாரா? ஆம் எனில் பெயர், உறவுமுறை, தொடர்பு ஏற்பட்ட நாள்." முன்பு ஒரு பேராசிரியர் தன் மகனுக்குத் தானே மதிப்பெண் போட்டுத் தங்கப் பதக்கமும் கொடுத்துவிட்டாராம், அதன் பிறகு சேர்த்த கேள்வி. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை: உண்மையை மறைத்தால் எந்தக் கட்டத்திலும் இடம் ரத்தாகும். மூன்றாம் வருடம் கடைசி நாளில்கூட. நான் 'ஆம்' என்று எழுதி, அப்பாவின் பெயரையும் மார்ச் ஒன்பதையும் எழுதினேன். குறும்புக்குச் செய்யவில்லை. கல்லூரியில் நான் சுவர்ப் பத்திரிகை நடத்தியவன் என்பதால் அப்படித்தான் சொல்வார்கள். பேனா அப்படிப் போனது, அவ்வளவுதான்.

அலுவலகக் கண்காணிப்பாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முத்திரை. வட்டமாக ஒன்று, நீளமாக ஒன்று, தேதி திருப்புவது ஒன்று என்று மூன்று ரப்பர் முத்திரைகள் அவர் மேஜையில் எப்போதும் இருக்கும். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாக அடித்துக்கொண்டு போகும். மகளின் கல்யாணப் பத்திரிகையில் 'பெறப்பட்டது' என்று அடித்து, அதை அப்படியே சொந்தக்காரர்களுக்கு அனுப்பியவர்.

அவர் கை பாதியில் நின்றது.

"தம்பி, பதினாலாவதுல ஏதோ எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அது 'இல்லை'ன்னு எழுதுறதுக்கான கட்டம்."

"எனக்கு இருக்கு சார்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அப்பாவா? அனாடமியிலயா? நான் பார்த்ததே இல்லையே. அட்டெண்டரா?"

"இல்ல சார்."

"மார்ச் ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. மார்ச்ல யாரையும் வேலைக்கு எடுக்கலையே. ஆள் எடுக்கத் தடை இருக்கு."

"உடல் தானம் சார்."

பின்னால் வரிசையில் யாரோ தும்மினார்கள். முத்திரை மூன்று முத்திரைகளையும் ஒரு தடவை பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை போல.

"எப்படியும்…" என்றார். "இதை 'இல்லை'ன்னு மாத்திக்கலாமா?"

"கீழ தடிச்ச எழுத்துல ஒண்ணு இருக்கு சார்."

"அதை எழுதினதே நான்தான்." பெருமூச்சு விட்டார். "துறைத் தலைவரைப் பார்த்துட்டு வாங்க. அவங்க எழுதிக் குடுத்தா எனக்கு ஒண்ணுமில்ல. நாலு மணிக்குள்ள."

உடற்கூறியல் துறை தரைத்தளத்தில், கடைசியில். அந்த வராந்தாவில் எப்போதும் மருந்து நெடி கண்ணைக் கரிக்கும். ஆகையால் அங்கே யார் கண் கலங்கியிருந்தாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. நல்ல வசதி. எனக்கு அன்று கண் கரிக்கவும் இல்லை.

துறைத் தலைவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். மேஜையில் சாப்பாட்டு டப்பாவும் அதன் பக்கத்தில் ஒரு தொடை எலும்பும் இருந்தன. காகிதம் பறக்காமல் இருக்க எலும்பு.

"நீ தானே அந்தப் பையன்? முதல் வருஷம் வாய்மொழித் தேர்வுல மணிக்கட்டு எலும்பு எட்டுல ஏழு சொல்லிட்டு, எட்டாவது லீவுல இருக்குன்னு சொன்னவன்?"

"ஆமா மேடம்."

"இப்ப லீவு முடிஞ்சு வந்துருச்சா?"

"வந்துருச்சு மேடம்."

விண்ணப்பத்தை நீட்டினேன். பதினான்காவதைப் படித்தார். எழுந்து பீரோவைத் திறந்து ஒரு பதிவேட்டை எடுத்தார். தானம் செய்தவர்களின் பெயர் அதில் மட்டும்தான் இருக்கும். உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில் உள்ளவற்றுக்குப் பெயர் கிடையாது, காலில் எண் மட்டும். விரலால் மார்ச் வரை இறங்கினார். நின்றார். பதிவேட்டை மூடிவிட்டார்.

"எட்டு எலும்பையும் சொல்லு பார்ப்போம்," என்றார்.

சொன்னேன். அவர் கேட்கவில்லை என்று தெரிந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் எட்டையும் சொல்லி முடித்தேன்.

"மேற்படிப்புல சேர்றவனுக்கு முதல் வேலை என்ன தெரியும்ல?"

தெரியும். புதிதாக வரும் முதலாண்டு மாணவர்களுக்காகக் கூடத்தில் உள்ள உடல்களைத் தயார் செய்ய வேண்டும். கழுவி, மேஜையில் கிடத்தி, முதல் கீறலைப் போட்டுக் காட்ட வேண்டும்.

"இப்ப பதினோரு பேர் இருக்காங்க," என்றார் மேடம். பெரிய மேடம் உடல் என்று சொல்லமாட்டார். பேர் என்றுதான் சொல்வார். "எதுன்னு நான் சொல்ல மாட்டேன். முகத்தைத் துணி போட்டு மூடியே வைக்கலாம். ஆனா கை இருக்கே. கையைப் பார்த்தா தெரிஞ்சிரும்பா."

தெரிந்துவிடும். அப்பாவின் இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். வேலையிடத்தில் பெரிய குழாயின் வால்வுச் சக்கரம் ஒரு தடவை திரும்பி அடித்தது.

"நெருங்கின உறவு இருக்கிற கூடத்துல யாரையும் வேலை செய்ய விடக்கூடாதுங்கறது நம்ம வழக்கம். இருபத்தாறு வருஷத்துல இது ரெண்டாவது தடவை. ஒண்ணு, நீ இடத்தை விடணும். விட்டா ரெண்டு வருஷம் போயிடும்." தொடை எலும்பை நகர்த்தி அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "இல்லன்னா, அவரை மாத்தலாம். மலைப் பக்கத்துக் காலேஜ்ல நூத்தம்பது பசங்களுக்கு மூணே பேர்தான் இருக்காங்களாம். கேட்டு எழுதியிருக்காங்க. வாரிசு கையெழுத்துப் போட்டா போதும்."

"எத்தனை நாள் ஆகும் மேடம்?"

"நாளைக்குக் காலைல வண்டி வந்துரும்."

நான் சிரித்திருக்க வேண்டும். மேடம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்பா ஒரு நீர்த்தேக்கத்தின் பம்ப் நிலையத்தில் ஆபரேட்டர். வீட்டிலிருந்து இருநூற்று முப்பது கிலோமீட்டர். இருபத்திரண்டு வருடம் அங்கே தனியாக இருந்தார். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ஒரு தோள்பையோடு வருவார். வந்தவுடன் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டில் சொட்டும் குழாய்களை இறுக்குவார். ஞாயிறு மாலை போய்விடுவார். ஒவ்வொரு ஏப்ரலிலும் சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டு மனுப் போடுவார். மூன்று வருடம் தடை இருந்ததால் போடவில்லை. ஆக மொத்தம் பத்தொன்பது மனு. பதில் எப்போதும் ஒன்றுதான்: பரிசீலனையில் உள்ளது. ஒரு தடவை மியூச்சுவல்கூட கிடைத்தது. இங்கிருந்து அங்கே போக ஒருவர் சம்மதித்தார். கடைசி நாளன்று அவர் மனைவி வேண்டாம் என்றுவிட்டாராம். அப்பா அந்தப் படிவத்தைத் தோள்பையிலேயே வைத்திருந்தார், ஒரு வேளை அந்த அம்மாளின் மனம் மாறினால் என்று.

ஓய்வு பெற்றுத்தான் ஊருக்கு வந்தார். பதினோரு மாதம் இருந்தார். உடல் தானப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, ஏன் இந்தக் காலேஜ், பெரிய ஊரில் நல்ல காலேஜாகப் பார்த்துக் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"இது நடந்து போற தூரம்டா," என்றார். "இனிமே என்னால பஸ் ஏற முடியாது."

இப்போது அவருக்கு வெளியூர் மாறுதல் ஒரே நாளில் கிடைக்கிறது. கேட்காமலே.

மேடத்துக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பரிமாற்றப் படிவத்தின் கடைசியில் 'அனுமதி' என்ற இடத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "யோசிச்சுக்கோ. போடறதா இருந்தா நிரப்பி ஆபீஸ்ல குடு. இல்லன்னா கிழிச்சுப் போட்டுடு. என்னைக் கேட்டா…" என்று ஆரம்பித்து, "வேண்டாம், என்னைக் கேக்காத," என்று முடித்துவிட்டுப் போனார்.

அம்மா ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் தரம் பார்ப்பவள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகளின் பொத்தான் ஓட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மணிக்கு மேல் இருபது நிமிடம்தான் போன் எடுக்கலாம். ஒன்று ஐந்துக்குக் கூப்பிட்டேன்.

"சேர்ந்துட்டியா?"

"இன்னும் இல்ல. அப்பா அங்க இருக்கிறதால ஒரு சிக்கல்."

"அவர் என்ன பண்ணாரு?"

சொன்னேன். கூடத்தைப் பற்றி, பதினோரு பேரைப் பற்றி, நாளைக்கு வரும் வண்டியைப் பற்றி. 

"எவ்வளவு தூரம்?" என்றாள்.

"பஸ்ல நாலு மணி நேரம்."

"பம்ப் ஹவுஸுக்கு ஆறு மணி நேரம் ஆகும்," என்றாள். "அதுக்கு இது பக்கம்தான்."

"அம்மா, நீ சொல்லு. போடவா, வேண்டாமா?"

"போடு. அவருக்கு என்ன, பழகினதுதானே. நீ வீட்டுல இருந்தா போதும்." கொஞ்சம் நிறுத்தி, "பயணப்படி உண்டான்னு கேளு," என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மணி அடித்தது, வைத்துவிட்டாள்.

முத்திரையின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். நகல் தாள் வைத்த இரட்டைப் படிவம். அலுவலகத்துக்கு ஒன்று, வாரிசுக்கு ஒன்று. பெயர். வயது. பெறப்பட்ட நாள். மாறுதலுக்கான காரணம்.

"காரணம் என்ன சார் எழுதறது?"

அவர் வேறு யாருடைய சான்றிதழ்களுக்கோ அடித்துக்கொண்டிருந்தார். "குடும்ப நலன் கருதின்னு எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க."

அப்பாவும் அதைத்தான் எழுதுவார். அப்பா என்றால், நான். அவர் கையெழுத்து வால்வு திருகும் கை எழுதிய எழுத்து, அவருக்கே படிக்க வராது. ஆறாம் வகுப்பிலிருந்து மனுவை நல்ல எழுத்தில் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மை சிந்தாமல் எழுதுவேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பார். எழுத்து அழகாக இருந்தால் உத்தரவு வரும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் 'குடும்ப நலன் கருதி' என்று எழுத நான் யோசிக்க வேண்டியதில்லை. 'கு'வுக்கு ஒரு சுழி வைத்து எழுதுவேன். வைத்தேன். எங்கிருந்து, எங்கே, என்று இரண்டு கட்டங்கள். நிரப்பினேன். கையெழுத்துப் போட்டேன். மேஜை மேல் தள்ளினேன்.

முத்திரையின் கை இரண்டு தாளின் மேலும் நீளமானதை ஒரு தடவை, வட்டமானதை ஒரு தடவை, தேதியை ஒரு தடவை அடித்தது. பிறகுதான் கண் படித்தது.

"தம்பி."

"சார்."

"எங்கிருந்துங்கற இடத்துல இந்த ஊர் போட்டிருக்கீங்க. சரி. எங்கேங்கற இடத்துலயும் இந்த ஊரே போட்டிருக்கீங்க. இங்கேருந்து இங்கேயா?"

வாங்கிப் பார்த்தேன். என் எழுத்துதான். அழகாகத்தான் இருந்தது. 'எங்கே' என்ற கட்டத்தில் இத்தனை வருடமாக நான் எழுதிய ஒரே ஊரை எழுதியிருந்தேன். அந்தக் கட்டத்தில் வேறு ஊரை எழுத என் கைக்குத் தெரியாது.

"கை தவறிடுச்சு சார்."

"முத்திரை வேற விழுந்துருச்சு. ரத்து பண்ணணும்னா மேடம் திரும்பக் கையெழுத்து வைக்கணும். வகுப்பு முடிஞ்சு மூணு மணிக்கு வருவாங்க. உட்காருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர்க்கடிகாரம் ஒன்று ஐம்பது காட்டியது. படிவத்தை மறுபடி படித்தேன். பிழை தேடினேன். பெயர் சரி. காரணம் சரி. எங்கே போக விருப்பம் என்பது மிகவும் சரி. கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று கையெழுத்து, அதன் மேல் வட்ட முத்திரை, தேதி. பத்தொன்பது தடவை எழுதி வராத எல்லாமும் இதில் வந்திருந்தன. இதில் ஒரு குறையும் இல்லை. நான் செய்ய வேண்டியது மூன்று மணிக்குப் போய் இதை ரத்து செய்யச் சொல்வது.

ஏதாவது பட வேண்டும் என்று காத்திருந்தேன். படவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

"சார், இது இருக்கட்டும். ஃபைல் பண்ணிடுங்க."

"அப்ப அவரு?"

"இங்கேயே இருப்பாரு. உத்தரவு இருக்குல்ல சார்."

முத்திரை படிவத்தையும் என்னையும் பார்த்தார். முப்பது வருடம் அலுவலகத்தில் இருந்தவருக்கு, முறையாக முத்திரை விழுந்த ஒரு காகிதத்தைக் குறை சொல்ல மனம் வராது. "உத்தரவு இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். "அப்ப நீங்க?"

"மியூச்சுவல் அக்காவை எங்கயாவது பார்த்தீங்களா சார்?"

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தார். ஃபைல் மடியில். வரிசை கரைந்துவிட்டது, கேட்க ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"அக்கா, உங்க மனுவுல அந்தப் பேர் எழுதுற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கா?"

"ஏன் தம்பி, நீங்களும் கேலி பண்ணணுமா?"

"இல்லக்கா. பேனா இருந்தா குடுங்க."

அவர் பேனாவைக் கொடுக்கவில்லை. "அம்மா தனியா இருக்காங்கன்னு சொன்னீங்க."

"இருக்காங்க."

"அப்புறம்?"

"அப்பாவும் இந்த ஊர்லதான் இருக்காரு."

இதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டால் நான் மாறிவிடுவேன் என்று பயந்திருப்பார். நான் எழுதும்போது மூச்சுவிடாமல் என் பேனாமுனையையே பார்த்தார், ஒவ்வொரு எழுத்தாக. அப்படிப் பார்க்கும் ஒரு முகம் எனக்குப் பழக்கமானது. எழுத்தை அழகாகவே எழுதினேன்.

"மனசு மாறிட மாட்டீங்களே?"

"மாட்டேன்க்கா."

"ஜன்னல் சாத்துற வரைக்கும் என் பக்கத்துலயே இருங்க. தப்பா நினைச்சுக்காதீங்க." என் அசல் சான்றிதழ்களை வாங்கித் தன் மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அந்த நிலையிலேயே கணவருக்குப் போன் செய்தார். "கிடைச்சிருச்சு," என்றார். "இல்ல, உண்மையாவே. பக்கத்துலதான் இருக்காரு. பிடிச்சு வச்சிருக்கேன்."

மூன்று நாற்பதுக்கு முத்திரை அக்காவின் மனுவிலும் என் மனுவிலும் அடித்தார். மலைப் பக்கத்துக் கல்லூரிக்கான விண்ணப்பத்தைப் புதிதாக நிரப்ப வேண்டியிருந்தது. அதிலும் பதினான்காவது கேள்வி இருந்தது. அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. 'இல்லை' என்று எழுதினேன். உண்மைதான். எழுதிவிட்டு அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா முதுகில் தட்டினார்.

அம்மா ஆறரைக்கு வந்தாள். வாரிசுக்கான நகலை மேஜை மேல் வைத்திருந்தேன். கைப்பையைக்கூட வைக்காமல் அதை எடுத்து, பொத்தான் ஓட்டை பார்ப்பது போல விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"முத்திரை அசலா?"

"அசல்."

"பெரிய மேடம் கையெழுத்தா?"

"ஆமா."

"அப்ப அவர் இங்கேயேதான்."

"ஆமா."

"அப்ப நீ போற."

"ஆமா."

"இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் வெளியூர்ல இருந்தே ஆகணும்," என்றாள். பீரோவைத் திறந்து, 'பரிசீலனையில் உள்ளது' கடிதங்கள் பத்தொன்பதும் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, இதையும் மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பிறகு பரண் மேலிருந்து அப்பாவின் தோள்பையை இறக்கித் தூசி தட்டினாள். ஜிப் பாதியில் நின்றது. மெழுகுவர்த்தியைத் தேய்த்து இழுத்தாள். ஓடியது. பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டு ஒரு ஸ்பேனரை எடுத்து மேஜையில் வைத்தாள். மடித்த காகிதம் ஒன்றையும் எடுத்தாள். பிரித்துப் பார்க்காமல் திரும்ப உள்ளேயே வைத்தாள்.

"சனிக்கிழமை எட்டரைக்குள்ள வந்துடு. எட்டரைக்கு மேல நான் சாதத்தைச் சூடு பண்ண மாட்டேன்."

"அவருக்குப் பண்ணியே."

"அவர் குழாய் ரிப்பேர் பண்ணாரு."

சமையலறைக் குழாய் மார்ச்சிலிருந்தே சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக இருவரும் கேட்டுக்கொண்டு, இருவரும் சொல்லாமல் இருந்தோம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். பிடியில் அவர் சுற்றிய சைக்கிள் டியூப் ரப்பர் விரல்களுக்குக் குழிந்திருந்தது. என் விரல்கள் அந்தக் குழிகளில் சரியாக உட்காரவில்லை. மரையில் மாட்டிவிட்டு நின்றேன். எந்தப் பக்கம் திருகுவது என்று திடீரென்று தெரியவில்லை. மணிக்கட்டில் எட்டு எலும்பு, எட்டும் தெரியும், இது தெரியவில்லை.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"வலப்பக்கம், டாக்டர்," என்றாள்.